முதலாளி வெளியே போயிருக்கிறார்

திருச்செங்கோடு
12-2-1975

அன்புத் தம்பி அர்த்தநாரிக்கு, அக்கா வசந்தாமணி எழுதிக்கொள்வது. நானும் உன் மாமாவும் இங்கே சுகம். நீயும் சௌந்திரமும் மேட்டூரில் சுகமாக இருப்பதற்கு ஒரு கார்டாவது போடக் கூடாதா? மல்லசமுத்திரத்தில் நம்மைப் பெற்ற அய்யனுக்கு மூட்டுவலி தேவலை. வாய்தான் குறையவில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். தைப்பொங்கலுக்கு முன்னால் மாமா ஓட்டும் லாரியின் தார்ப்பாய் காற்றில் கிழிந்து வந்தது. நான் வீட்டிலேயே உட்கார்ந்து தைத்துக் கொடுத்தேன். வண்டி முதலாளி பார்த்துவிட்டு, சேலத்தில் எந்தக் கடையில் தைத்தாய் தங்கசாமி என்று கேட்டாராம். உன் மாமா சிரித்து மழுப்பிவிட்டார். அதைப் பார்த்த மற்ற டிரைவர்களும் கொடுத்தனுப்ப ஆரம்பித்தார்கள். என் கைக்கு அந்த வேலை வருகிறது தம்பி. இத்தனை நாள் இது என் கையிலேயே இருந்திருக்கிறது, எனக்குத்தான் தெரியவில்லை. சங்ககிரி ரோட்டில் ஒரு கொட்டகை பிடித்துவிட்டேன். கனத்த துணி தைக்கிற மிஷினும் வந்து இறங்கிவிட்டது.

பலகை எழுதுகிற பச்சமுத்து வந்து, யார் பேர் போடுவது என்று கேட்டார். வசந்தாமணி தார்ப்பாய் நிலையம் என்றேன். மனிதர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டார். அன்றிலிருந்து ஆளாளுக்கு ஒரு சட்டம் சொல்கிறார்கள். பெண் காலடி பட்ட தார்ப்பாய் போர்த்தினால் வண்டி பாரம் தாங்காதாம். பெண்ணிடம் விலை பேச லாரிக்காரனுக்கு வாய் வராதாம். பெண் தைத்த தையல் மழைக்கு ஒழுகுமாம். தைத்தது ஆணா பெண்ணா என்று மழைக்கு யார் போய்ச் சொல்வது? அய்யனோ, "பொட்டப்புள்ள பேர ரோட்டோரத்துல எழுதித் தொங்கவுடறதா? நான் செத்த பொறகு வெச்சுக்க சாமி" என்கிறார்.

இந்த ரோட்டில் போகிற வண்டிகளை எண்ணிப் பார்க்கச் சொல் அவரை. பாதி வண்டியின் நெற்றியில் பெண்டாட்டி பேர், மகள் பேர், ஆத்தா பேர். பம்பாய் வரைக்கும் பெண் பேரைச் சுமந்துகொண்டு வண்டி போகலாம். கடைக்கு மட்டும் ஆகாதா?

மாமா பேரையும் வைக்க முடியாது. டிரைவர் தார்ப்பாய்க் கடை வைத்தால், என் வண்டித் துணியைத்தான் திருடி விற்கிறான் என்று முதலாளி நினைப்பார். நீ பாலிடெக்னிக் படித்தவன். உன் பேச்சை அய்யன் கேட்பார். அக்கா பேரையே வைக்கட்டும் என்று ஒரு வரி எழுதிப் போடு. பச்சமுத்து காத்திருக்கிறார்.

சௌந்திரத்திடம், மாசமாக இருக்கிறவள் வெறும் தரையில் படுக்க வேண்டாம் என்று சொல். பனிக்காலம்.

உன் பிரியமுள்ள அக்கா,
வசந்தாமணி


மேட்டூர் அணை
3-3-1975

வணக்கத்துக்குரிய அக்காவுக்கு, தம்பி அர்த்தநாரி எழுதியது. இறைவன் அருளால் இங்கு இருவரும் நலம். தங்களும் மாமாவும் நலமாக இருக்க வேண்டுகிறேன். ஷிப்டு மாறி மாறி வருவதால் உடனே எழுத முடியவில்லை.

தங்கள் கடிதத்தைச் சௌந்திரத்துக்கும் படித்துக் காட்டினேன். இருவரும் ரசித்துச் சிரித்தோம். தாங்கள் கேட்பது நியாயம்தான். ஆனால் நியாயம் வேறு, நடப்பு வேறு அக்கா. கம்பெனியில் எங்கள் பிரிவுக்கே சரக்கு கொண்டுவரும் ஆட்கள் பெண் குமாஸ்தாவிடம் ரசீது வாங்கத் தயங்கி நிற்பதை நான் தினமும் பார்க்கிறேன். ஆரம்பத்திலேயே வீம்புக்குப் பேர் வைத்து வியாபாரம் கெட வேண்டுமா? காரியம்தானே நமக்கு முக்கியம்?

எனக்கு ஒரு யோசனை. என் பேரை வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊரில் அர்த்தநாரி என்றால் மலை மேல் இருக்கும் சாமி பேர் என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். அய்யனுக்கும் மறுப்பு இருக்காது, அவருக்கும் எழுதிவிட்டேன். கடை கொஞ்சம் நிலைத்த பிறகு தங்கள் பேருக்கு மாற்றிக்கொள்ளலாம். அது என் பொறுப்பு.

மாமாவுக்கு என் வணக்கம்.

தங்கள் அன்புத் தம்பி,
அ. அர்த்தநாரி


திருச்செங்கோடு
28-3-1975

அன்புத் தம்பிக்கு, அக்கா எழுதுவது. சுகம், உங்கள் சுகத்துக்கு எழுதவும்.

உன் கடிதத்தைப் படித்ததும் கோபம்தான் வந்தது. பிறகு மலையைப் பார்த்துக்கொண்டே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். அர்த்தநாரி என்றால் பாதி பெண்தானே தம்பி? பாதி நீ, பாதி நான் என்று வைத்துக்கொண்டால் போயிற்று என்று மனசைத் தேற்றிக்கொண்டேன். பச்சமுத்து சந்தோஷமாக எழுதித் தந்தார். 'அர்த்தநாரி தார்ப்பாய் நிலையம்'. மஞ்சளில் சிவப்பு எழுத்து. எடுப்பாகத்தான் இருக்கிறது.

முதல் நாளே ஒரு வேடிக்கை. ராசிபுரத்து வண்டிக்காரர் ஒருவர் வந்து, "மொதலாளி இருக்காருங்களா?" என்றார். நான் மிஷினில் உட்கார்ந்திருக்கிறேன். "வெளிய போயிருக்காருங்க. என்னன்னு சொல்லுங்க, வந்தா சொல்லீர்றேன்" என்றேன். அவரும் பேசாமல் தார்ப்பாயை இறக்கிப் போட்டு, அளவு சொல்லி, விலையும் பேசிவிட்டுப் போனார். என்னிடம் பேசுகிறோம் என்றே அவருக்குத் தோன்றவில்லை. ஊரில் இல்லாத ஒருத்தரிடம் பேசிவிட்டுப் போனார்.

அதனால் முதலாளிக்கு ஒரு மர நாற்காலி வாங்கிப் போட்டேன். பொங்கலுக்கு வந்தபோது நீ மறந்து விட்டுப்போன துண்டைத் துவைத்து அதன் முதுகில் போட்டிருக்கிறேன். பார்க்கிறவர்களுக்கு, ஆள் இப்போதுதான் டீ குடிக்க எழுந்து போனது போல இருக்கிறது. உன் மாமா பார்த்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார்.

சௌந்திரத்தின் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா,
வசந்தாமணி


மேட்டூர் அணை
24-10-1975

வணக்கத்துக்குரிய அக்காவுக்கு, அர்த்தநாரி எழுதியது. நலம். ஊரிலிருந்து பத்திரமாக வந்து சேர்ந்தோம். பிள்ளைக்குப் பயணத்தில் கண்ட சளி குணமாகிவிட்டது.

ஆயுத பூஜைக்கு என்னைக் கூப்பிட்டது நல்லதாயிற்று. பூசணிக்காய் உடைக்கப் பெண்பிள்ளைக்கு ஆகாது என்று தாங்களே எழுதியிருந்தீர்கள். இந்த மாதிரி சம்பிரதாயங்களுக்கு நான் எப்போதும் வருவேன். அந்த நாற்காலியில் சும்மா உட்கார்ந்த அரை நாளில் எத்தனை பேர் வந்து கும்பிட்டார்கள்! சங்ககிரிக்காரர் ஒருவர் ஒரே வாயில் தன் எல்லா வண்டிக்கும் தார்ப்பாய் தைக்கச் சொன்னார். "உங்க தையல மாதிரி எங்கயும் பாக்கலீங்க" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். நான் ஊசியே பிடித்ததில்லை என்று சொல்லவா முடியும்? எனக்கே வேடிக்கையாகவும், கொஞ்சம் நன்றாகவும் இருந்தது.

தங்கள் தம்பி,
அ. அர்த்தநாரி


திருச்செங்கோடு
9-7-1977

அன்புத் தம்பிக்கு, அக்கா எழுதுவது. இங்கே சுகம். குழந்தை ஓடியாடுகிறானா? கால் வளையாமல் இருக்க எண்ணெய் தேய்த்து விடச் சொல்.

வேலை தலைக்கு மேல் இருக்கிறது. கந்தம்மாள் என்று ஒருத்தி சேர்ந்திருக்கிறாள், என் வலக்கை மாதிரி. அவளைப் பார்த்து இன்னும் சில பெண்கள் வந்திருக்கிறார்கள். வருகிறவர்கள் கண்ணில் படாமல் இருக்க நடுவில் ஒரு சாக்குத் திரை கட்டியிருக்கிறேன். திரைக்கு அந்தப் பக்கம் நாங்கள். இந்தப் பக்கம் உன் நாற்காலியும் துண்டும். மாதம் ஒரு துண்டு மாற்றுகிறேன், வெயிலில் வெளுத்துப் போகிறது.

புதிதாக ஒரு மடிப்பு கண்டுபிடித்தேன். பாரத்தின் உச்சியில்தான் தண்ணீர் நின்று இறங்கும். அங்கே இரண்டு மடிப்புக்குப் பதில் மூன்றாக மடித்து, வாயைச் சரிவுப் பக்கம் திருப்பித் தைத்தால் ஒரு பொட்டு இறங்குவதில்லை. போன ஆனியில் மாமா சர்க்கரை மூட்டை ஏற்றிக்கொண்டு அடைமழையில் போய்வந்தார். ஒரு மூட்டை நனையவில்லை. அதிலிருந்து 'செங்கோட்டு மடிப்பு' என்று பேர் வைத்துக் கேட்டு வருகிறார்கள்.

தம்பி, கடை நிலைத்துவிட்டது. பெண் தைத்தால் ஒழுகும் என்றவர்களே இன்று என்னிடம் வரிசையில் நிற்கிறார்கள், எனக்குத் தெரிந்து, அவர்களுக்குத் தெரியாமல். இனியும் எதற்கு மறைப்பு? பச்சமுத்துவிடம் பேசிவிட்டேன். பலகையை என் பேருக்கு மாற்றட்டுமா? உன் பொறுப்பு என்று நீதானே எழுதினாய். ஒரு வரி போதும்.

உன் அக்கா,
வசந்தாமணி


மேட்டூர் அணை
16-2-1978

வணக்கத்துக்குரிய அக்காவுக்கு, அர்த்தநாரி எழுதியது. இங்கு யாவரும் ஓரளவு நலம். ஏழு மாதம் கழித்து எழுதுவதற்கு மன்னிக்கவும்.

எனக்கு இந்த ஷிப்டு வேலை ஒத்துக்கொள்ளவில்லை. நெஞ்சில் கபம் கட்டிக்கொண்டே இருக்கிறது. எனக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் மேலே போய்விட்டார்கள். எப்படியும் நம் பேரில் ஒரு கடை இருக்கும்போது யாருக்கோ ஏன் கைகட்டி நிற்க வேண்டும் என்று சௌந்திரம் கேட்கிறாள். வேலையை விட்டுவிட்டு அங்கே வந்தால் தங்களுக்கும் துணையாக இருக்கும். வெளி வேலையை நான் பார்த்துக்கொள்வேன்.

பலகை விஷயத்தை நேரில் பேசிக்கொள்ளலாம்.

தங்கள் தம்பி,
அ. அர்த்தநாரி


திருச்செங்கோடு
22-2-1978

அன்புத் தம்பிக்கு, அக்கா எழுதுவது. நெஞ்சுச் சளிக்குத் தூதுவளை ரசம் வைத்துக் கொடுக்கச் சொல்.

உடம்பை விட வேலை பெரிதா? கிளம்பி வா சாமி. கொட்டகைக்குப் பின்னாலேயே வீடு பார்த்து வைக்கிறேன். நாற்காலி காலியாகத்தான் இருக்கிறது.

அக்கா


திருச்செங்கோடு
11-11-1983

வணக்கத்துக்குரிய அக்காவுக்கு, தம்பி அர்த்தநாரி எழுதியது. நாங்கள் நலம். தாங்களும் மாமாவும் நாமக்கல் போனபின் உடல்நலம் எப்படி இருக்கிறது? விலாசத்தை மல்லசமுத்திரத்தில் அய்யனிடம்தான் வாங்கினேன்.

ஐந்தாறு வருடம் ஒரே வாசலில் இருந்தோம், கடிதம் எழுதும் பழக்கமே விட்டுப்போயிற்று. இப்போது எழுத வேண்டியிருக்கிறதே என்று வருத்தமாக இருக்கிறது. சொல்லிக்கொள்ளாமல் போய்விட்டீர்கள். லாரிக்காரர் சங்க விழாவில் எனக்குச் சால்வை போட்டதும், நான் மேடையில் பேசியதும்தான் காரணம் என்று கந்தம்மாள் சொல்கிறாள். நான் என்ன தவறாகப் பேசிவிட்டேன்? "இந்தக் கடைக்கு எங்க அக்காவும் ஒத்தாசையா இருக்காங்க" என்று அத்தனை பேர் முன்னால் பெருமையாகத்தானே சொன்னேன்? மற்றவர்கள் அக்கா தங்கைகளை மேடையில் சொல்வதுகூட இல்லை. தாங்கள் கீழே பெண்கள் வரிசையில் உட்கார்ந்து கை தட்டியதைப் பார்த்தேனே.

பலகை விஷயமும் அப்படியே நின்றுவிட்டது. வருடா வருடம் நினைப்பேன். லைசென்சு, வரி எல்லாம் என் பேரில் ஓடிக்கொண்டிருந்ததால் கை வைக்கத் தயக்கமாக இருந்தது.

கோபம் ஆறியதும் வாருங்கள். சௌந்திரமும் கேட்கிறாள்.

தங்கள் தம்பி,
அ. அர்த்தநாரி


திருச்செங்கோடு
19-9-1984

வணக்கத்துக்குரிய அக்காவுக்கு, அர்த்தநாரி எழுதியது. சென்ற கடிதத்துக்குத் தாங்கள் பதில் போடவில்லை. நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கந்தம்மாளும் நின்றுவிட்டாள். சேலத்திலிருந்து தையல்காரர்களை வரவழைத்தேன். தையல் பார்க்க அழகாக இருக்கிறது, மழைக்கு நிற்பதில்லை. இந்த ஆடியில் பருத்தி ஏற்றிப்போன வண்டி முழுக்க நனைந்து வந்தது. அந்த மனிதர் கடை வாசலில் தார்ப்பாயை விரித்துப் போட்டு, "செங்கோட்டு மடிப்புன்னு சொல்லித்தானுங்க குடுத்தீங்க?" என்று கேட்டார். உச்சி மடிப்பை எந்தப் பக்கம் திருப்ப வேண்டும் என்பதுகூட எனக்குத் தெரியாது. இத்தனை வருடம் அங்கே உட்கார்ந்திருந்தும் திரையைத் தாண்டி வந்து பார்க்கவில்லை.

தாங்கள் திரும்பி வர வேண்டும். பச்சமுத்துவைக் கூப்பிட்டுப் பேசிவிட்டேன். பலகையில் தங்கள் பேரையும் சேர்த்து எழுதச் சொல்லியிருக்கிறேன். தாங்கள் வருவதாக ஒரு வரி எழுதினால் போதும்.

தம்பி,
அர்த்தநாரி


வசந்தாமணி தார்ப்பாய்
பரமத்தி ரோடு, நாமக்கல்
6-2-1985

அன்புத் தம்பி அர்த்தநாரிக்கு, அக்கா வசந்தாமணி எழுதுவது. நான் சுகம். உன் மாமாவுக்குக் கண் பார்வை குறைந்து, வண்டி ஓட்டுவதை விட்டுவிட்டார். எனக்குத் துணி மடித்துப் போடுகிறார். பையன் என்ன வகுப்பு படிக்கிறான்? சௌந்திரத்துக்கு என் அன்பு.

முதலில் உன் சந்தேகம். மூன்று மடிப்பின் வாய் வண்டியின் பின்பக்கம் பார்த்து இருக்கக் கூடாது. பக்கவாட்டுச் சரிவைப் பார்த்து, கீழ்நோக்கி இருக்க வேண்டும். நூலுக்குத் தேன்மெழுகு பூசியே தைக்க வேண்டும். சேலத்து ஆட்கள் மெழுகு பூசச் சோம்பல்படுவார்கள், பக்கத்தில் நின்று பார். கெட்ட பேர் வாங்காதே. அது என் மடிப்பு.

உன் கடிதத்துக்கு இத்தனை நாள் பதில் எழுதாததற்குக் காரணம் கோபம் இல்லை. எழுத உட்கார்ந்தால் அழுகை வந்துவிடும். மேடையில் அக்காவும் என்றாய். இப்போது பேரையும் என்று எழுதியிருக்கிறாய். அந்த 'உம்' இருக்கிறதே தம்பி, அதைத்தான் என்னால் விழுங்க முடியவில்லை. நான் கூட வந்து ஒட்டிக்கொண்டவளா? அன்றைக்குக் கை தட்டினேன், ஆமாம். பக்கத்தில் இருந்த பெண்கள் எல்லாம் தட்டினார்கள், நானும் தட்டினேன்.

நான் வரமாட்டேன். உன்னைக் குற்றம் சொல்லவும் மாட்டேன், சொன்னால் பாதிதான் சொல்ல முடியும். பெண் வைத்த கடை ஓடாது என்று ஊர் சொன்னது பொய் என்று காட்டத்தான் கடை வைத்தேன். வைத்த நாளிலிருந்து அந்தப் பொய்யை ஊரை விட நான்தான் அதிகம் சொன்னேன். வருகிறவர்களிடம் எல்லாம், முதலாளி வெளியே போயிருக்கிறார் என்று என் வாயாலேயே சொல்லிச் சொல்லி, இல்லாத ஒரு ஆளை உண்டாக்கி, அவருக்கு நாற்காலி போட்டு, துண்டும் துவைத்துப் போட்டேன். நீ வந்து உட்கார்ந்தாய், அவ்வளவுதான். அந்தச் சாக்குத் திரையைக்கூட என் கையாலேயே தைத்தேன்.

இங்கே தை வெள்ளிக்கிழமையில் கடை திறந்தேன். பலகையில் என் பேர் மட்டும்தான். பூசணிக்காயை நானே உடைத்தேன். பார்த்துக்கொண்டிருந்தவர்கள் முகம் சுளித்தார்கள். கந்தம்மாள் மட்டும், "இன்னும் ஓங்கிப் போடுங்கக்கா" என்றாள். ஆமாம், அவள் இங்கேதான் இருக்கிறாள்.

அன்றைக்கு நடந்ததை உன்னிடம்தான் சொல்ல வேண்டும். பலகையில் பெயிண்டு காயவில்லை. ஒரு வண்டி வந்து நின்றது. நெற்றியில் முத்தாயம்மாள் என்று அதன் சொந்தக்காரர் ஆத்தா பேர். டிரைவர் எட்டிப் பார்த்து, "மொதலாளி இருக்காருங்களா?" என்றார். தலைக்கு மேலே என் பேர் தொங்குகிறது தம்பி. நான் நாற்காலியில் கூட உட்காரவில்லை, பக்கத்தில் நின்றுகொண்டிருக்கிறேன். என் வாய் சொல்லிவிட்டது: "வெளிய போயிருக்காருங்க."

அவர் அப்புறம் வருகிறேன் என்று போய்விட்டார். கந்தம்மாள் என்னைத் திட்டக்கூட இல்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பகல் முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை.

பொழுது சாய அதே வண்டி திரும்பி வந்தது. அவர் இறங்காமலேயே, "மொதலாளி வந்துட்டாருங்களா?" என்று கேட்டார்.

"வந்தாச்சுங்க. எறங்கி வாங்க" என்று சொல்லிவிட்டு நான் போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் உள்ளே வந்து எனக்குப் பின்னால் எட்டி எட்டிப் பார்த்தார். ஆளைத் தேடுகிறார். "நான்தானுங்க" என்றேன். ஒரு நிமிடம் விழித்தார். பிறகு தார்ப்பாய் கிழிந்த இடத்தைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். அவ்வளவுதான் தம்பி, வேறு ஒன்றுமே நடக்கவில்லை. இந்த ஒரு நிமிட விழிப்புக்குப் பயந்துகொண்டா நாம் பத்து வருடம் ஒளிந்திருந்தோம்?

அவர் போன பிறகு உட்கார்ந்து அழுதேன். முப்பது வயதில் வந்து உட்கார்ந்திருக்க வேண்டியவள், தலை நரைக்கிற வயதில் வந்திருக்கிறேன்.

நாமக்கல் பக்கம் வந்தால் அக்கா கடைக்கு வந்துவிட்டுப் போ. உட்காருவதற்கு ஸ்டூல் போடச் சொல்கிறேன். நாற்காலி காலி இல்லை.

இப்படிக்கு,
வசந்தாமணி